மேடையில பாடி நடிச்ச பொம்பளைங்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாசம் இந்தப் பகுதியில கொடுமுடி சுந்தராம்பாள் பத்தி ரெண்டே வரி தான் எழுதியிருந்தேன், அதுக்கு தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலருந்தும் கடிதம் குவிஞ்சிருக்கு. அதனால இந்த மாசம் முழுக்க நாடக நடிகைங்க பத்தி மட்டும் பேசலாம். ஒரே மாதிரி கேட்டவங்களுக்கு சேத்தே பதில் சொல்லியிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

புருஷன் கிட்டப்பா செத்தப்புறம் நாடக நடிகை கே.பி.சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு எல்லாத்தையும் விட்டு ஒதுங்கிட்டாங்கன்னு எங்க தாத்தா சொல்வாரு. ஆனா அவங்க ஔவையாரா நடிச்ச படத்த டிவில பாத்திருக்கேனே, எது சரி அம்மா?
(பென்னாகரம் வாசகர்)

வெள்ளைப் புடவை கட்டினது நிஜம் தம்பி. இனிமே எந்த ஆம்பளையோடவும் ஜோடியா நடிக்க மாட்டேன்னு சொன்னதும் நிஜம். ஆனா எல்லாத்தையும் விட்டுட்டாங்கன்றது தப்பு, இதை யார் சொன்னாலும் நான் சண்டைக்கே போவேன்.

கொஞ்சம் கணக்கு பாருங்க. அவங்க பொறந்தது 1908ல, கொடுமுடில. உங்க ஊருகிட்ட ஒகேனக்கல்ல விழுற அதே காவேரி தான் மேட்டூர், பவானி தாண்டி அவங்க ஊர் ஓரமா போகுது. குடும்பத்துல ரொம்ப கஷ்டம், அம்மா பாலாம்பாள், இந்தப் பொண்ணு ரயில்ல பாடி காசு வாங்கின குழந்தை. அந்தக் குரலக் கேட்டு தான் வேலு நாயர் நாடகக் கம்பெனியில சேத்துக்கிட்டாங்க, நல்லதங்காள் நாடகத்துல பசியில அழுவுற பையன் வேஷம் கட்டி பாடினப்ப தான் ஜனங்க முதல்ல யாருடா இது குழந்தைன்னு திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் இலங்கைக்குப் போயி அங்க பேரு வாங்கினாங்க. 1926ல கொழும்புல கிட்டப்பாவோட சேந்து மேடையேறினாங்க, மறு வருஷம் கல்யாணம், 1933 டிசம்பர்ல கிட்டப்பா போயிட்டாரு, அவருக்கு 28 வயசு கூட முடியல. அப்ப இந்தம்மாவுக்கு வெறும் 25 வயசு.

அவங்க இறந்தது 1980ல. நடுவுல 46 வருஷத்துக்கு மேல இருக்கு! அந்த 46 வருஷத்துல என்னெல்லாம் பண்ணினாங்கன்னு பாருங்க, 1935ல நந்தனாரா நடிச்சாங்க, 1940ல மணிமேகலை, 1953ல ஜெமினி வாசன் எடுத்த ஔவையார், அப்ப அவங்களுக்கு 45 வயசு கூட ஆகல, 1964ல பூம்புகார்ல கவுந்தியடிகள், அடுத்த வருஷமே திருவிளையாடல்ல மறுபடி ஔவையார், அப்புறம் 1969 துணைவன் படத்துல பாடினதுக்கு சிறந்த பின்னணிப் பாடகின்னு தேசிய விருது, 1970ல பத்மஸ்ரீ. நடுவுல காங்கிரஸ் மேடை மேடையா ஏறி பாடினாங்க, சட்ட மேலவையிலயும் உறுப்பினரா இருந்தாங்க. அறுபது வயசு தாண்டி தேசிய விருது வாங்குற பாடகி எங்கயாவது ஒதுங்கிப் போனவங்களா இருப்பாங்களா?

கிட்டப்பாவோட அவங்க சேந்து நடிச்சது ஆறேழு வருஷம். பெரிய காதல் தான், நான் இல்லேங்கல, பெரிய துக்கமும் தான். ஆனா நாம அந்த ஆறேழு வருஷத்தையே பேசிப் பேசி மிச்ச வாழ்க்கைய மறந்துட்டோம். ஒரு ஆம்பளை நடிகரப் பத்தி எழுதும்போது எத்தனை படம், எத்தனை நாடகம், எப்படி பாடுனாருன்னு ஆரம்பிக்கிறோம், நடிகைன்னா மட்டும் யாரைக் கட்டினா, ஏன் பிரிஞ்சா, எப்படி செத்தான்னு ஆரம்பிக்கிறோம். எனக்கு இது ரொம்ப வருஷமா மனசுல உறுத்துற விஷயம். அவங்க செஞ்ச தொழிலப் பேசணும். உங்க தாத்தாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, மரியாதையோட தான் சொல்றேன்.

ஒரு படத்துக்கு லட்ச ரூபாய் வாங்கினாங்கன்றது உண்மையா?
(மத்தூர் வாசகர்)

உண்மை. 1935ல நந்தனார் படத்துக்கு. முடியாதுன்னு நேரா சொல்றதுக்கு பதிலா, கேட்டா ஓடிப் போயிடுவாங்கன்னு லட்ச ரூபாய் கேட்டாங்களாம், தயாரிப்பாளர் சரின்னுட்டாராம், அப்படி ஒரு கதை ரொம்ப நாளா சொல்றாங்க. ஜோடி சேந்து நடிக்க மாட்டேன்ற வார்த்தைய காப்பாத்த நந்தனார்ன்ற ஆம்பளை வேஷத்தையே கட்டிட்டாங்க, வேதியரா நடிச்சது மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். விதவைன்னா மூலையில உக்காருன்னு சொன்ன காலத்துல ஒரு பொம்பளை தன் விலையையும் சொல்லி, என்ன வேஷம் கட்டுவேன்றதையும் தானே முடிவு பண்ணியிருக்கா. லட்ச ரூபாய விட எனக்கு அது தான் பெருசாத் தெரியுது.

மைக் இல்லாத காலத்துல விடிய விடிய எப்படிம்மா பாடினாங்க? கடைசி வரிசையில உக்காந்தவனுக்கு கேட்டிருக்குமா?
(ஊத்தங்கரை வாசகி)

கேட்டுச்சு. கேக்கலேன்னா கொட்டாய்ல இருக்கறவன் விடமாட்டான், எந்திரிச்சு சத்தம் போடுவான்.

கட்டைன்னு சொல்வாங்கல்ல, ஸ்ருதி அளவு. பொம்பளைங்க சாதாரணமா அஞ்சு கட்டை ஆறு கட்டை பக்கம் பாடுவாங்க, ஆம்பளைங்க கச்சேரியில ஒண்ணு ரெண்டு கட்டையில பாடுவாங்க. நாடகத்துல ஒரே ஆர்மோனியம், ஒரே பாட்டுல ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பாடணும், அதனால ஆம்பளைங்களும் மேல ஏறித் தான் பாடணும், கீழ ஸ்ருதியில பாடினா கூட்டத்துக்கு கேக்கவும் கேக்காது. கிட்டப்பாவையும் சுந்தராம்பாளையும் ஜனங்க தூக்கி வச்சு கொண்டாடினதுக்கு ஒரு காரணம் அந்த உச்சத்துல போயும் வார்த்தை உடையாம, தெளிவா ஒவ்வொரு எழுத்தும் காதுல விழுந்தது தான். சும்மா கத்துறது யாராலயும் முடியும், அந்த உயரத்துல போயி ஒரு சங்கதிய, அதாவது அதே வரிய வேற வேற மாதிரி வளைச்சுப் பாடறத, நிதானமா போட்டுட்டு அடுத்த வரி வசனத்த மூச்சு வாங்காம பேசறது தான் வித்தை. அதுலயும் நல்லா இருந்தா ஒன்ஸ்மோர் கேப்பாங்க, மறுபடி பாடணும், மறுபடியும் கேப்பாங்க.

ஸ்பெஷல் நாடகம்னு ஒண்ணு இருக்கு, இன்னைக்கும் மதுரை புதுக்கோட்டை பக்கம் நடக்குது, நம்ம பக்கம் கூத்து தான் ஜாஸ்திங்கறதால நிறைய பேருக்கு தெரியாது. அதப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். சங்கரதாஸ் சுவாமிகள் 1867ல பொறந்தவரு 1922ல காலமானாரு, அவர் எழுதின வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம் இதெல்லாம் தான் இந்த மேடைக்கு வேதம். கதாநாயகன் வேஷம் கட்டுற ராஜபார்ட் ஒரு ஊரு, கதாநாயகி வேஷம் கட்டுற ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, சிரிக்க வைக்கிற பபூன் ஒரு ஊரு, ஆர்மோனியக்காரர் வேற ஊரு, ஒரு ராத்திரிக்கு மட்டும் ஒண்ணா சேருவாங்க, ரிகர்சல் கிடையாது, டைரக்டர் கிடையாது, முன்ன பின்ன முகம் பாத்திருக்கக் கூட வேணாம். ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடியக்காலம் வரைக்கும் போகும். வள்ளியா வர்ற பொண்ணு நாரதரோட தர்க்கம் பண்ணணும், அவரு எந்தப் பாட்டை எடுப்பாரு, எந்தக் கேள்வியப் போடுவாருன்னு முன்கூட்டி தெரியாது, அவரு ஒரு பாட்டப் போட்டா அதே மெட்டுல அதே தாளத்துல இவ பதில் குடுக்கணும், முழிச்சா ஊரே பாத்துக்கிட்டிருக்கும். அப்புறம் வேலன் வேடன் விருத்தன்னு முருகன் மூணு வேஷத்துல வருவாரு, அத்தனைக்கும் இவ ஒருத்தி தான் ஈடு குடுக்கணும். பாட்டு, வசனம், சமயோசிதம் மூணும் சேந்து வேணும். இத்தனையும் தெரிஞ்ச ஒரு பொண்ண படிக்காதவன்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு கோவம் தான் வரும்.

மனோரமா ஆச்சியும் நாடகத்துலருந்து வந்தவங்க தானா?
(காவேரிப்பட்டினம் வாசகி)

ஆமாங்க. மன்னார்குடியில 1937ல பொறந்து பள்ளத்தூர்ல வளந்தாங்க, நாடகத்துல பாடி நடிச்சு தான் ஆரம்பம், சினிமாவுக்கு வந்தது 1958ல. ஆயிரம் படத்துக்கு மேல நடிச்சு கின்னஸ்ல பேரு வந்துச்சு. சினிமாவுல அவங்க ஒரு வரி பாடினாக் கூட அந்த நாடக மேடை தெரியும், கவனிச்சுப் பாருங்க.

எங்க ஊர்ல பங்குனி சித்திரையில பாரதக் கூத்து நடக்கும். திரௌபதி வேஷம் கூட ஆம்பளைங்க தான் கட்டுறாங்க. பொம்பளைங்க ஏன் கட்டக் கூடாது? எங்க ஊர் பெரியவங்ககிட்ட கேட்டா வழக்கம்னு சொல்லி முடிச்சிடறாங்க.
(அரூர் பக்கத்து கிராமத்துலருந்து ஒரு கல்லூரி மாணவி)

கண்ணு, நல்ல கேள்வி, விடாம கேளு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த வேஷம் கட்டுற ஆம்பளைங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. துகிலுரிதல் அன்னைக்கு விரதம் இருந்து வேஷம் கட்டுவாங்க, ஊர்ப் பொம்பளைங்க அவங்க கால்லயே விழுந்து கும்பிடறத நம்ம மாவட்டத்துல பாத்திருக்கோம், பதினெட்டாம் போர் முடிஞ்சு படுகளத்துல துரியோதனனோட மண் உருவத்து மேல திரௌபதி கூந்தல் முடியும்போது அழாதவங்க இல்ல. அந்தக் கலைய யாரும் குறைச்சு பேச வேணாம்.

ஆனா வழக்கம்ன்றதுக்குள்ள சில காரணம் ஒளிஞ்சிருக்கு. ராத்திரி முழுக்க ஆட்டம், ஊர் விட்டு ஊர் போறது, கண்ட இடத்துல தங்கறது, இதுக்கெல்லாம் பொண்ண அனுப்ப மாட்டாங்க. கோயில் விரதம்னா மாசாமாசம் வர்ற தீட்டு ஒரு காரணமா சொல்வாங்க. ராஜா வேஷத்துக்கு மரக்கட்டையில செஞ்ச கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம்னு அத்தனையும் சுமந்துகிட்டு கிறுக்கி அடிக்கணும், அதாவது சுழன்டு சுழன்டு ஆடணும், அதுக்கு பொம்பளை உடம்பு தாங்காதுன்னு ஒரு பேச்சு. இந்த கடைசிப் பேச்சு பொய்யின்னு எப்பவோ நிரூபிச்சாச்சு. காஞ்சிபுரம் பக்கத்துல புஞ்சரசந்தாங்கல்ல கட்டைக்கூத்து சங்கம் ஒரு குருகுலம் நடத்துச்சு, 2002ல ஆரம்பிச்சது, பள்ளிக்கூடப் படிப்போட சேத்து பையன்களுக்கும் பொண்ணுங்களுக்கும் கூத்து சொல்லிக் குடுத்தாங்க. அங்க படிச்ச பொண்ணுங்க ராஜா வேஷம் கட்டி விடிய விடிய ஆடினாங்க, வயலும் களத்து மேடும் பாத்து வளந்த பொண்ணுங்களுக்கு உடம்பு தாங்காதாமா!

இன்னொன்னும் சொல்றேன். பையன்கள மட்டும் வச்சு நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி காலத்துல பொம்பளை வேஷம் எல்லாம் பையன்க தான், சிவாஜி கணேசனே சின்ன வயசுல சீதையா நடிச்சவரு. டி.கே.சண்முகம் ஔவையாரா மேடையில நடிச்சு ஔவை சண்முகம்னே பேரு வாங்கினாரு. அந்தப் பக்கம் பாத்தா சுந்தராம்பாள் நந்தனாரா நடிச்சாங்க. அதுக்கும் முன்னாடி கும்பகோணம் பாலாமணி முழுக்க முழுக்க பொம்பளைங்கள வச்சே ஒரு கம்பெனி நடத்தினாங்க, அவங்க நாடகம் பாக்க வர்றவங்களுக்காக ரயிலே தனியா விட்டாங்கன்னு சொல்வாங்க. ஆக ஆம்பளை பொம்பளைன்ற கோட்ட நம்ம மேடை என்னைக்கோ தாண்டிடுச்சு, உங்க ஊர் மட்டும் ஏன் நிக்கணும்? கோயில் கூத்துல உடனே விட மாட்டாங்க, அது ஊர் கூடி முடிவு பண்ண வேண்டியது. ஆனா காலேஜ் விழாவுல, கலைப் பண்பாட்டுத் துறை நிகழ்ச்சியில ஒரு திரௌபதிய நீ கட்டலாம். உங்க ஊர் கூத்து வாத்தியாரையே போயி கேளு, அவரு சொல்லிக் குடுத்தா அதுக்கு ஈடே கிடையாது.

என் பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா. குரல் நல்லா இருக்கு, பாட்டும் நடிப்பும் தான் உசுருங்கறா. நாடகத்துல சேரணுமாம். சொந்தக்காரங்க எல்லாம் கூத்தாடியா போகப் போறாளா, எவன் கட்டிப்பான்னு கேக்கறாங்க. ராத்திரி தூக்கம் வரல. நான் என்ன பண்ணட்டும்?
(காரிமங்கலத்துலருந்து ஒரு அம்மா)

உங்க கடிதத்த ரெண்டு மூணு தரம் படிச்சேன்ங்க. உங்க பயம் பொய்யில்ல, அதனால சும்மா தைரியமா இருங்கன்னு சொல்லி அனுப்ப மாட்டேன்.

நாடக நடிகைங்கள நம்ம ஊரு ஒரு கையால கும்பிட்டுச்சு, இன்னொரு கையால தள்ளி வச்சுச்சு. ராத்திரி வள்ளியா வந்தா சாமி, விடிஞ்சா அதே பொண்ணு டீக்கடையில நிக்க முடியாது. இன்னைக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு போற பொண்ணுங்க ரெண்டு மூணு பேரா சேந்து ஒரே கார்ல போயி, காரை விட்டு இறங்காம நேரா மேடைக்கு பின்னாடி போயி மேக்கப் போட்டுக்கிட்டு, முடிஞ்சதும் அப்படியே கிளம்பிடறாங்க, யார் வாயிலயும் விழக் கூடாதுன்னு. தப்பு அவங்க பக்கமா? வாய் யாருதோ அவங்க பக்கம் தான். ஆனா உங்க பொண்ணு இதத் தாண்டித் தான் நடக்கணும், அது உங்களுக்கும் அவளுக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

பணத்தப் பத்தியும் மறைக்க மாட்டேன். பாலாமணி அவ்ளோ சம்பாதிச்சாங்க, கடைசி காலம் வறுமையில போச்சு. நாடகத்துக்கு சீசன் உண்டு, கோயில் திருவிழா மாசங்கள்ல தான் வருமானம், மழைக்காலத்துல ஒண்ணும் இருக்காது. வயசான கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் மூலமா உதவித்தொகை இருக்கு, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கு, ஆனா அதுல பேரு பதியாமலே நிறைய பேர் காலத்த ஓட்டிட்டாங்க. அதனால சேந்த முதல் வருஷமே வாரியத்துல பதிவு பண்ணணும், கையில ஒரு டிகிரியும் இருக்கணும், வர்ற காசு அவ பேர்ல அவ பாஸ்புக்ல போகணும். இந்த மூணுல எதையும் விட்டுக் குடுக்காதீங்க. குறிப்பா கடைசி விஷயம், அப்பாவோ அண்ணனோ புருஷனோ யாரா இருந்தாலும் சரி.

இப்ப இன்னொரு பக்கமும் பாருங்க. டி.பி.ராஜலட்சுமி, திருவையாறுல 1911ல பொறந்தவங்க. சின்ன வயசுலயே கல்யாணம் ஆகி, அந்த வாழ்க்கை ஒடஞ்சு, வயித்துப் பாட்டுக்கு நாடகத்துக்கு வந்தாங்க. 1931ல தமிழோட முதல் பேசும் படம் காளிதாஸ்ல கதாநாயகி அவங்க தான். அதோட நிக்கல, 1936ல மிஸ் கமலான்னு ஒரு படத்த தானே எழுதி, தயாரிச்சு, டைரக்ட் பண்ணினாங்க. எவன் கட்டிப்பான்னு அந்தப் பொண்ணப் பாத்தும் ஊரு கேட்டிருக்கும். நாடக மேடை தான் அவங்களுக்கு சோறு போட்டுச்சு.

உங்க பொண்ணுக்கு குரல் இருக்கு, ஆசையும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா அமையறது அபூர்வம். சொந்தக்காரங்களுக்கு நீங்க பதில் சொல்லிக்கிட்டே இருக்க வேணாம், அவ முதல் தடவை மேடையேறும்போது நீங்க முன் வரிசையில போயி உக்காருங்க, ஊரு உங்க முகத்தப் பாத்து தான் பேசும். அம்மா கூட நிக்கறான்னு தெரிஞ்சா பாதி வாய் மூடிக்கும்.

நாங்க ஓசூர்ல இருக்கோம், ரெண்டு பேரும் ஐடி வேலை. பொண்ணு மேற்கத்திய பாட்டு கத்துக்கிறா, லண்டன் நியூயார்க்ல நடக்குற மியூசிக்கல் நாடகத்துல நடிக்கணும்னு சொல்றா. அங்க நடிகை வாழ்க்கை எப்படி இருக்கும்?
(ஓசூர் வாசகி)

அங்க இது முழு நேரத் தொழில், யூனியன், ஒப்பந்தம் எல்லாம் உண்டு. வாரத்துக்கு எட்டு ஷோ, அதே பாட்டு, அதே ஆட்டம், ஒவ்வொரு நாளும் முதல் நாள் மாதிரி பண்ணணும். பாட்டு, டான்ஸ், நடிப்பு மூணும் சமமா தெரியணும், ஒண்ணு குறைஞ்சாலும் ஆடிஷன்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. முதல்ல கூட்டத்துல ஒருத்தியா நிக்கணும், அப்புறம் பெரிய நடிகைக்கு உடம்பு சரியில்லன்னா ஏறி நடிக்கறதுக்கு தயாரா பின்னாடி காத்திருக்கணும், வருஷக் கணக்கா காத்திருந்து ஒரு நாள் கூட மேடை கிடைக்காதவங்களும் உண்டு.

நம்ம நிறத்துக்கு வேஷம் கிடைக்குமான்னு அவ கவலைப்படுவா. ஏ.ஆர்.ரஹ்மான் இசையில பாம்பே ட்ரீம்ஸ் 2002ல லண்டன்ல மேடையேறி ரெண்டு வருஷம் ஓடுச்சு, ப்ரியா காளிதாஸ், ஆயிஷா தார்க்கர் ரெண்டு பேரும் அதுல நடிச்சாங்க, 2004ல நியூயார்க் போனப்ப கதாநாயகியா நடிச்சது அனிஷா நாகராஜன். இங்க மும்பையில 2016ல முகலே ஆசம் மேடை நாடகமா வந்துச்சு, அனார்கலியா நடிச்ச ப்ரியங்கா பர்வேயும் நேஹா சர்கமும் ஆடிக்கிட்டே நேரடியா பாடினாங்க. ஆக கதவு மூடியில்ல, ஆனா குறுகல் தான். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் மாதிரி இடத்துல இதுக்குன்னே படிப்பு இருக்கு, செலவு ரொம்ப ஜாஸ்தி, ஸ்காலர்ஷிப் பத்தி இப்பவே விசாரிங்க. இன்னொரு விஷயம், அவள ஒரு தடவை நம்ம ஊர் கூத்துக்கு கூட்டிட்டுப் போங்க. விடிய விடிய மூச்சு எப்படிப் புடிக்கறாங்கன்னு கிட்ட உக்காந்து பாக்கட்டும், அது எந்த நாட்டு மேடைக்கும் உதவும்.

ஸ்கூல் நாடகத்துல பாடி நடிச்சதுலருந்து தொண்டை கம்மிக் கிடக்கு. மிளகு கஷாயம் குடிச்சா போதுமா? முறையா படிக்க எங்க சேரலாம்?
(கிருஷ்ணகிரி, பத்தாம் வகுப்பு மாணவி)

கஷாயம் குடி, தப்பில்ல, ஆனா முதல்ல தொண்டைக்கு ரெஸ்ட் குடு. கிசுகிசுன்னு பேசினா தொண்டைக்கு நல்லதுன்னு நினைக்காத, அதுவும் சிரமம் தான். தண்ணி நிறைய குடி, மைதானத்துல கத்தாத. மூணு வாரத்துக்கு மேலயும் கம்மலா இருந்தா காது மூக்கு தொண்டை டாக்டர கட்டாயம் பாக்கணும், குரல் நாண்ல சின்ன முடிச்சு மாதிரி வந்திருந்தா ஆரம்பத்துலயே பாத்துட்டா பயிற்சியிலயே சரி பண்ணிடலாம்.

படிப்புக்கு, உங்க கிருஷ்ணகிரியிலயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கே கண்ணு. குரலிசை, பரதநாட்டியம், மிருதங்கம், வயலின் எல்லாம் சொல்லித் தர்றாங்க, மூணு வருஷப் படிப்பு, கட்டணமும் கொஞ்சம் தான். நாடகக்காரிக்கு பாட்டும் தாளமும் தான் அடித்தளம், அத இப்ப போடு. டிகிரி முடிச்சப்புறம் நாடகத்துலயே மேல படிக்கணும்னா புதுச்சேரி பல்கலைக்கழகத்துல சங்கரதாஸ் சுவாமிகள் பேர்லயே நிகழ்கலைப் பள்ளி இருக்கு, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துலயும் நாடகத் துறை இருக்கு, டெல்லியில தேசிய நாடகப் பள்ளி. இசைப்பள்ளி சேர்க்கை பள்ளிக்கூடம் திறக்குற சமயத்துல நடக்கும், அதுக்கு முன்னாடியே அம்மாவோட ஒரு தடவை நேர்ல போயி என்னென்ன சான்றிதழ் வேணும்னு கேட்டு வச்சுக்கோ. பாட்டா பரதமான்னு கேப்பாங்க, நீ பாட்டுன்னு சொல்லு.